உள்ளே அனுப்பிய மூன்று பேர்

நம் தின்கன்ஜூன் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க நேரமாகும் என்று கேள்விப்பட்டேன். பரவாயில்லை, மெதுவாக வாசியுங்கள். நகரத்தின் ஓரப் பேட்டைகளான தாகேதாவிலும் ஷ்வேப்யிதாவிலும் நீங்கள் பார்க்கப்போகிற நம்மவர்கள் உங்களிடம் பெரும்பாலும் பர்மிய மொழியில்தான் பேசுவார்கள். பயத்தைச் சொல்லும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு அது புரிய வேண்டும்.

ரத்தம் எடுப்பதையும் சீட்டு எழுதுவதையும் சொல்லித்தர அங்கே ஆள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது என் கையால் நடந்த ஒரு தவறைப் பற்றி. இத்தனை வருடம் அதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியை இங்கே எல்லோரும் ‘பி-போ’ என்றுதான் சொல்வார்கள். அது இருக்கிறது என்று தெரிந்தால் வேலை போகும், பேசி முடித்த கல்யாணம் நிற்கும், வெளிநாடு போகக் கட்டி வைத்த பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் சோதனைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். அறியாமை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வராதவர்களில் பலர் நன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வராமல் இருக்கிறார்கள்.

தாகேதாவில் ஒரு கோவில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாம் போட்டோம். டாக்டர் அன்றைக்கு வேறு ஊரில் இருந்தார். பொறுப்பு முழுவதும் நர்ஸான என்னுடையது; நர்ஸை இங்கே ‘சயாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடத்தில் முடிவு. கிருமி இல்லாதவர்களுக்கு வெளி மேசையிலேயே சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடலாம், இருப்பவர்களை மட்டும் பக்கத்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகப் பேசலாம் என்று ஏற்பாடு செய்தேன். அவர்களுடைய ரகசியத்தைக் காப்பாற்ற நானே யோசித்துச் செய்தது அது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதலில் வயதான ஒரு தையல்காரரை உள்ளே அனுப்பி, நானும் போய்க் கதவைச் சாத்தினேன். கால்மணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு சட்டென்று நின்றது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் ஏற்பாட்டை மாற்றவில்லை. இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மாற்ற நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்து, காலேஜில் படிக்கும் ஒரு பெண். மூன்றாவதாக முருகேசு.

முருகேசுவுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும். அந்தத் தெரு முனையில் காசிம் பாயின் டீக்கடையில் பலாத்தா, அதாவது பரோட்டா, போடுகிறவர். மாவு பிசைந்து பிசைந்து முன்கை இரண்டும் திரண்டிருக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் அந்தக் கைகளைத்தான் பார்த்தார்.

“நான் தெம்பாத்தானே இருக்கேன் சயாமா?”

தெம்பாக இருப்பவர்களுக்குள்ளும் இது பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும் என்று சொன்னேன். சாப்பாட்டாலோ தொடுவதாலோ பரவாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும், தேவைப்பட்டால் மாத்திரை இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்: “வீட்டுல முழுகாம இருக்காங்க. நாலு மாசம்.”

“அப்படின்னா அவங்களையும் அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. கட்டாயம்.”

“சரி சயாமா.”

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் டீக்கடைக்குப் போனேன். கல்லுக்குப் பின்னால் வேறு ஆள் நின்றிருந்தார். காசிம் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து கடைக்கு வெளியே வந்துவிட்டார்.

“நான் போகச் சொல்லல சயாமா. நாலு நாள் வீட்டுல இருப்பான்னு சொன்னேன், அவ்வளவுதான். காலையில டீ குடிக்க வர்றவங்க கேக்குறாங்க, உள்ள கூப்பிட்ட மூணு பேர்ல உங்க பலாத்தாக்காரரும் உண்டாமேன்னு. நான் என்ன சொல்ல?”

“அது சாப்பாட்டால பரவாது பாய்.”

“எனக்குச் சொல்றீங்க. அந்தா உக்காந்திருக்கவங்களுக்கு யார் சொல்றது?”

வீட்டில் முருகேசுவின் அண்ணி அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிட்டதாகவும், முருகேசு மனைவியைக் கூட்டிக்கொண்டு ஷ்வேப்யிதா பக்கம் குடிபோய்விட்டதாகவும் பாய் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. “சாப்பாட்டால பரவாது” என்று நான் சொன்னதே ஒரு ஒப்புதல். முருகேசுவுக்கு இருக்கிறது என்று அதுவரை காசிம் பாய்க்கு நிச்சயமாகத் தெரியாது. நான் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு தவறைச் சரிசெய்யப் போன இடத்தில் இன்னொன்று.

அந்த மூன்று பேரில் தையல்காரர் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை. காலேஜ் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அப்பா வாசலிலேயே நின்று, “எங்க பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல” என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார். அவர்கள் இரண்டு பேரைப் பற்றி நான் எழுத வேறு எதுவும் இல்லை. அதுவும் என் கணக்கில்தான் இருக்கிறது.

முருகேசுவைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பாய்தான் கடைசியில் முகவரி வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. ஷ்வேப்யிதாவில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் வரிசையாகத் தடுத்து விட்ட அறைகள். ஒன்றில் இவர்கள். மனைவி லெச்சுமி ஒரு கார்மெண்ட் ஆலையில் தையல் வேலை. இவர் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சமையல் வேலை எதையும் தேடவில்லை.

நான் போனபோது லெச்சுமி வேலையில் இருந்தாள். முருகேசு கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே கூப்பிடவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் பாடம் நடத்தினேன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்து, பிறந்த அன்றே போட வேண்டிய தடுப்பூசி, அதற்கு முன்னால் தாய்க்குச் செய்ய வேண்டிய சோதனை, எல்லாவற்றையும் அந்தப் பாதிக் கதவுக்கு முன்னால் நின்று சொல்லி முடித்தேன். அவர் கடைசிவரை கேட்டார்.

“சயாமா, நோய் எனக்கு எங்கேயிருந்தோ வந்துச்சு. பேரு உங்க ரூம்ல இருந்துதான் வந்துச்சு.”

“ரகசியமா இருக்கணும்னுதான் தம்பி உள்ள கூப்பிட்டேன். அது முகாமோட முறை.”

முறை என்று சொன்னேன் பாருங்கள். அதை ஏற்படுத்தியதே நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

“லெச்சுமிக்கு ஒண்ணும் தெரியாது. பிரைவேட் லேப்ல பாத்தேன், ஒண்ணும் இல்லைன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க இங்க வராதீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர். அதிகம் பேசமாட்டார். “நான் நேரா அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிடுறேன் டாக்டர். பிள்ளைக்கு இன்னும் மூணு மாசம்கூட இல்ல” என்றேன்.

“எதைச் சொல்லுவீங்க?”

“புருஷனுக்கு இருக்குன்னு.”

“அது அவரோட வார்த்தை. நீங்க ஒருதடவை அதை அவர்கிட்டேருந்து எடுத்துட்டீங்க.” மேசையில் இருந்த பதிவேட்டை மூடிவிட்டு, “மாசமா இருக்கற எல்லாரும் செஞ்சுக்க வேண்டிய சோதனைதானே இது? அவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம அவளைக் கூப்பிட முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா திரும்பி வாங்க, அப்புறம் யோசிப்போம்” என்றார்.

அடுத்த வாரம் ஆலை விடும் நேரத்துக்குப் போய் வாசலுக்கு எதிரே நின்றேன். நூற்றுக்கணக்கான பெண்கள் டிபன் கேரியரோடு வெளியே வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்து வந்த ஒரு தமிழ் முகத்தைப் பார்த்து, “மா லெச்சுமியா?” என்று பர்மிய வழக்கப்படி மரியாதையாகக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“தின்கன்ஜூன் சயாமாதானே? வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம். இங்க நின்னா பாப்பாங்க.”

நான் யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் அவளே பர்மிய மொழியில் பேச ஆரம்பித்தாள். வேலை, வீடு, மழை. நானும் டாக்டர் சொன்னபடி கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்யும் சோதனை என்று பேச்சை எடுத்தேன். அவள் நின்றாள். அப்புறம் தமிழில் சொன்னாள்.

“சயாமா, அவருக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தாகேதாவுல யாரு வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க? எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.”

“ஏன்மா?”

“லேப்ல ஒண்ணும் இல்லைன்னு அவர் சொன்னப்ப அவர் மூஞ்சியைப் பாத்தேன். நான் நம்பிட்டேன்னு அவர் நம்பணும். இல்லைன்னா உயிரோட இருக்கமாட்டார்னு பயம்.”

இரண்டு பேரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவரை நான் அவரைப் பிடிவாதக்காரர் என்றும் இவளை ஒன்றும் தெரியாதவள் என்றும் நினைத்திருந்தேன்.

“நீங்க உங்களுக்குப் பாத்துக்கலாமே?” என்றேன்.

“பாத்து? எனக்கு இல்லைன்னு வந்தா, இவளுக்குக் குடுத்துடுவேனோன்னு அவர் என்னைவிட்டுத் தள்ளிப் போவார். இப்பவே சாப்பிட்ட தட்டை அவரே கழுவி மூலையில கவுத்து வெக்கறார். எனக்கும் இருக்குன்னு வந்தா, நான்தான் குடுத்தேன்னு உடைஞ்சு போவார். எந்தப் பக்கம் வந்தாலும் அவருக்குத்தான் அடி. எனக்கு எதுக்கு அந்தச் சீட்டு?”

பையில் அச்சடித்த படங்கள் போட்ட கையேடு வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை. அவள் சொன்னதற்கு அந்தக் கையேட்டில் பதில் இல்லை.  பிறகு எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னேன்.

“யார்கிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்தச் சோதனையிலயும் தெரியாதும்மா. இது இருக்கறவங்கள்ல நெறைய பேருக்குப் பிறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்ததுதான். அந்த அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது. அவருக்கும் அப்படி வந்திருக்கலாம். உங்களுக்கு இருந்தா, அதுவும் அப்படியே இருக்கலாம்.”

“அப்ப யார் மேலயும் தப்பில்லைங்கறீங்களா?”

“யாருக்கும் தெரியாதுங்கறேன். ஆனா இந்தப் பிள்ளைக்கு வராம பாத்துக்கறதுக்கு வழி இருக்கு. அது மட்டும் தெரியும்.”

பஸ் நிறுத்தம் வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்றேன்” என்றாள்.

பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளில் இரண்டு தடவை ஷ்வேப்யிதா பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். பதினோராவது நாள் காலையில் இரண்டு பேரும் கிளினிக் வாசலில் நின்றார்கள். முருகேசுவின் கண் வீங்கியிருந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

“அன்னைக்கு இருக்கறவங்களை மட்டும் உள்ள அனுப்பினது முகாமோட முறை இல்ல தம்பி. அது என்னோட யோசனை. முதல் ஆள் வெளிய வரும்போதே தப்புன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் நிறுத்தல. என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னா தாகேதாவுக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லவும் தயார்.”

 “வேணாம் சயாமா. இன்னொருதடவை என் பேரைத் தூக்கிக்கிட்டு அங்க போகாதீங்க. இனிமே யாரையும் அப்படிக் கூப்பிடாதீங்க, போதும்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் கூடாது. இப்போது நம் முகாம்களில் கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு ஒரே அளவு நேரம் உட்காரவைத்துப் பேசுகிறோமே, நேரம் வீணாகிறது என்று உங்களில் ஒருவர் குறைப்பட்டதாகக் கேட்டேன். அந்த ஏற்பாடு அன்றைக்குத்தான் வந்தது.

லெச்சுமிக்கும் இருந்தது. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் முருகேசு கேட்டார், “நான் குடுத்ததா?”

“ரத்தத்துல குடுத்தவங்க பேரு எழுதியிருக்காது” என்றார் டாக்டர். “உங்க அம்மா பேரு இருக்கலாம், அவங்க அம்மா பேரு இருக்கலாம். நமக்கு அது வேணாம். பிறக்கப்போற ஆளைப் பத்திப் பேசுவோம்.”

லெச்சுமிக்கு அடுத்த சோதனையையும் செய்து, மாத்திரை தொடங்கினார். குழந்தை பிறந்த ஒரு நாளுக்குள், முடிந்தால் சில மணி நேரத்துக்குள், தடுப்பூசி போட வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். அதை யார் கண்ணிலும் படாமல் நர்ஸின் கையில் கொடுத்தால் போதும் என்று முருகேசுவிடம் சொன்னேன். மற்றவர் காதில் விழாமல் காரியம் முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. அதற்காகக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியே கொடுத்தேன்.

பிரசவ வலி, டாக்டர் சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. கொட்டும் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கைக்குக் கிடைத்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதில் கடிதம் இருந்த பை வீட்டிலேயே தங்கிவிட்டது. காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகுதான் முருகேசு எனக்குப் போன் செய்தார்.

“பை இல்ல சயாமா. வீட்டுக்குப் போய் எடுக்க ரோட்டுல வண்டி ஓடல.”

“கடிதம் இல்லைன்னாலும் பரவாயில்ல. நர்ஸ்கிட்ட வாயால சொன்னாலே போடுவாங்க.”

 பின்னால் வார்டின் இரைச்சல் மட்டும் கேட்டது. பத்துக் கட்டில், கட்டிலுக்கு மூன்று சொந்தக்காரர். அவர் எதற்குத் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியும். போனை நர்ஸிடம் கொடுங்கள், நான் சொல்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு அது ஒரு நிமிட வேலை. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, அது அவருடைய வார்த்தை. அதே நேரம் குழந்தையின் நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், “நான் சொல்லணுமா, நீங்க சொல்றீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

 அவர் போனை வைக்கவில்லை. நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, வார்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கும்படி, பர்மிய மொழியில் அவர் குரல்: “சயாமா, எனக்கும் என் சம்சாரத்துக்கும் பி-போ இருக்கு. பிள்ளைக்கு இப்பவே ஊசி போடணும்.”

போட்டுவிட்டார்கள். மதியத்துக்கு முன்னால்.

எந்தச் சூழ்நிலையிலும் நோயாளியிடமே விட்டுவிடுங்கள் என்று இதிலிருந்து நான் சொல்லவரவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், சாயங்காலத்துக்குள் நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். செய்திருப்பேனா, செய்வது சரியா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்களும் ஒருநாள் அந்த இடத்தில் நிற்பீர்கள். அப்போது இதில் எனக்குத் தெளிவு இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த ஊசிகளுக்கு லெச்சுமி ஒருநாள்கூடத் தவறாமல் வந்தாள். ஒவ்வொரு முறையும் நான் அதையே சொல்வேன்: சேர்ந்து சாப்பிடலாம், முத்தம் கொடுக்கலாம், தாய்ப்பால் கொடுக்கலாம். அவளும் ஒவ்வொரு முறையும், “தெரியும் சயாமா, தெரியும்” என்று சிரிப்பாள். நன்றாகப் புரிந்துகொண்டவள் என்று அவளைப் பற்றி மற்றவர்களிடம் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது ரத்தம் பார்த்தோம். கிருமி இல்லை. தடுப்பூசியும் நன்றாக வேலை செய்திருந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் அது. முருகேசு சீட்டை வாங்கி, வாசிக்கத் தெரியாதவரைப் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். லெச்சுமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை ஒரு பிஸ்கட்டைப் பாதி சப்பி, ஈரத்தோடு அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. லெச்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

“இனிமே இவ எச்சிலை நான் சாப்பிடலாமா சயாமா?”

“எப்பவுமே சாப்பிடலாம்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்?”

“சொன்னீங்க. பிறந்ததுலேருந்து ஒருநாள்கூட நான் இவளுக்கு முத்தம் குடுத்ததில்ல.”

 அவளே குனிந்து, குழந்தை நீட்டிய பிஸ்கட்டை வாயில் வாங்கிக்கொண்டாள்.